பெரிய மாப்பிள்ளையின் டிராக்டர்

மெக்கானிக்குக்கும் அவருடைய சகலைக்கும் ஆகாது என்று யாராலும் சொல்லிவிட முடியாது. பதினெட்டு வருஷமாக மெக்கானிக் போட்ட சட்டை அத்தனையும் சகலை தைத்ததுதான். வண்டிக்கு அடியில் படுத்துப் படுத்து மெக்கானிக்கின் இடது தோள் கொஞ்சம் இறங்கிப்போயிருந்தது. அது வெளியே தெரியாதபடி உள்ளே ஒரு மடிப்பு வைத்துத் தைக்கிற கை டெய்லருடையது. அளவு நாடாவை எடுக்க மாட்டார். ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான்.

டெய்லர் டிராக்டர் வாங்கின பிறகுதான் வினை ஆரம்பமானது.

இருவரும் அக்கா தங்கையைக் கட்டியவர்கள். அக்காவைக் கட்டிய டெய்லர் பெரிய மாப்பிள்ளை, தங்கையைக் கட்டிய மெக்கானிக் சின்ன மாப்பிள்ளை. மாமனார் காலமான பிறகு அவருடைய நிலம் ஆளுக்குப் பாதியாக வந்தது. மெக்கானிக் தன் பாதியைக் குத்தகைக்கு விட்டார். டெய்லரோ தானே உழப்போவதாகச் சொன்னார். மெஷினில் குனிந்து குனிந்து முதுகு பிடித்துக்கொள்கிறது, டாக்டர் வெளியே நடமாடச் சொல்லிவிட்டார் என்றார். சொன்ன கையோடு யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல், முப்பது வருஷப் பழைய டிராக்டர் ஒன்றை வாங்கி, அதை ஓட்டிக்கொண்டு நேரே மெக்கானிக்கின் பட்டறைக்கு வந்து நின்றார்.

டிராக்டருக்குப் பின்னால் இரண்டு இரும்புக் கைகள் இருக்கும். கலப்பையைத் தூக்குவதும் இறக்குவதும் அவைதான். ஆயிலின் அழுத்தத்தில் அவற்றை ஏற்றி இறக்குகிற அமைப்பைத்தான் ஹைட்ராலிக் லிஃப்ட் என்கிறோம். இந்த வண்டியில் அந்த இடமே மொட்டையாக இருந்தது. முன்பு வைத்திருந்தவர் எவரோ லிஃப்ட்டை மொத்தமாகக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டையின் மேல் ஒரு இரும்புத் தகட்டை வைத்து முடுக்கியிருந்தார்.

"சகலை, இதுக்கு லிஃப்ட் வைக்க முடியுமா?" என்று டெய்லர் கேட்டார்.

பட்டறையில் நாலைந்து பேர் தங்கள் வண்டிக்காகக் காத்திருந்தார்கள். மெக்கானிக் கையைத் துடைத்தபடி வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். டயரை ஒரு உதை உதைத்தார்.

"செத்தவனுக்கு சவரம் பண்ணச் சொல்றீங்களே சகலை! இதுக்குச் சாமான் வர்றது நின்னு பத்து வருஷமாச்சு. பேசாம எடைக்குப் போடுங்க. நமக்கு எதுக்கு இந்த வேலை? ஊசியில நூல் கோக்கிறதைப் பாருங்க."

எல்லாரும் சிரித்தார்கள். டெய்லரும் சேர்ந்து சிரித்தார். பிறகு வண்டியைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

உண்மை என்னவென்றால் மெக்கானிக்குக்குப் பயம். கழன்ற சாமானுக்குப் புதுச் சாமான் போடுவதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. ஆனால் இல்லாத ஒன்றை முதலிலிருந்து உண்டாக்குவது அவர் தொட்டுப் பார்க்காத வேலை. முயன்று பார்த்துத் தோற்றுவிட்டால் பேர் போய்விடும். அதனால் சிரிப்பில் கழற்றிவிட்டார். டெய்லர் அதோடு விட்டுவிடுவார் என்றுதான் நினைத்தார்.

டெய்லர் விடவில்லை. சேதி கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேர்ந்தது. முதலில் கொண்டுவந்தவள் மெக்கானிக்கின் மனைவி.

"என்னங்க, அக்கா வீட்டு மாமா பழைய இரும்புக் கடையிலேர்ந்து ஏதோ பம்பு வாங்கியிருக்காராம். மண்ணு கொட்டுற லாரியில இருந்ததாம்."

"அதை வச்சு என்ன பண்ணப் போறாராம், தலைக்குத் தண்ணி ஊத்திக்கவா?"

அடுத்த வாரம் சிலிண்டர் வந்தது. கிடங்கில் மூட்டை தூக்குகிற வண்டி ஒன்றை உடைத்தபோது கிடைத்ததாம். அந்த வண்டியை ஓட்டினவரிடம் டெய்லர் மூன்று சாயங்காலம் போய் உட்கார்ந்து, ஆயில் எந்த வழியாகப் போய் எந்த வழியாகத் திரும்புகிறது என்று கேட்டு, துணி வெட்டுகிற தாளில் வரைந்துகொண்டு வந்தாராம். தெரியாது என்று சொல்ல அந்த மனுஷனுக்குக் கூச்சமே கிடையாது. மெக்கானிக்கை அதுதான் அதிகமாகக் குடைந்தது.

பிறகு ஒருநாள் வெல்டர் பட்டறைக்கு வந்தார். வந்த வேலையை விட்டுவிட்டு டெய்லர் புராணம் பாட ஆரம்பித்தார்.

"உங்க சகலை இருக்காரே, அவரு மனுஷனே இல்லைங்க. இரும்பை வெட்டறதுக்கு முன்னாடி அட்டையில வெட்டிக் கொண்டாந்துட்டாரு. சட்டைக்குக் கை வெட்டுற மாதிரி ஒவ்வொரு துண்டும் தனித்தனியா! அதை வச்சுத்தான் நான் வெட்டினேன். வண்டியில வச்சுப் பாத்தா இம்மி பிசகலை. ஒரு துளைகூட ரெண்டாவது தடவை போடலைன்னா பாத்துக்கங்க."

"ஓஹோ" என்றார் மெக்கானிக். அன்றைக்கு ஒரு போல்ட்டை அவர் முடுக்கிய முடுக்கில் மரை கழன்றுபோனது.

போதாக்குறைக்கு மாமியார். அவர் பெரிய மகள் வீட்டில் இருந்தார். தினமும் போன் பண்ணுவார். "பெரிய மாப்பிள்ளை மூளையே மூளை! முன்னாடி உங்ககிட்டதான் கேட்டாராமே? முடியாதுன்னுட்டீங்களாமே சின்ன மாப்பிள்ளை?" அவர் வெள்ளந்தியாகத்தான் கேட்டார். மெக்கானிக்கோ பட்டறைக்கு வண்டி வந்துவிட்டது என்று சொல்லிப் போனை வைத்துவிடுவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை பொறுக்க முடியாமல், பேன்ட் துணி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு டெய்லர் வீட்டுக்குப் போனார். துணி வெறும் சாக்கு. டிராக்டர் பின்கட்டில் தகரக் கூரைக்குக் கீழே நின்றது. மெக்கானிக் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஆயில் டேங்க்குக்குப் பச்சை பெயின்ட் அடித்திருந்தது. ஆயில் போகிற ரப்பர் ஹோஸ்கள் எங்கும் உரசாமல் வளைந்து போயின. சட்டைப் பொத்தான் மாதிரி சரியான இடைவெளி விட்டுக் கிளிப் போட்டிருந்தது. வெல்டிங் விழுந்த இடமெல்லாம் வழவழவென்று ராவியிருந்தது. இதைத் தன் பட்டறையில் செய்து வாசலில் நிறுத்தியிருந்தால் ஊரே வந்து பார்த்திருக்குமே என்று தோன்றியது.

அப்போதுதான் அதைக் கவனித்தார்.

லீவர் இருக்கிற வால்வுக் கட்டையில், ரிலீஃப் வால்வு இருக்கவேண்டிய துளையை ஒரு போல்ட் வைத்து அடைத்திருந்தது. பழைய இரும்புக் கடைக்கு வரும்போதே அது தொலைந்துபோயிருக்க வேண்டும். ஆயில் ஒழுகும் என்று டெய்லர் அடைத்திருப்பார். சிலிண்டர் முழுதாக நீண்டு முட்டி நின்ற பிறகும் பம்ப் ஆயிலைத் தள்ளிக்கொண்டுதான் இருக்கும். மிஞ்சின அழுத்தத்தைத் திருப்பிவிடத்தான் அந்த ரிலீஃப் வால்வு. அது இல்லையென்றால் எங்காவது ஒரு இடம் வெடித்தே தீரும். அநேகமாக லீவருக்குப் பக்கத்தில் வருகிற ஹோஸ்தான்.

மெக்கானிக்குக்கு உள்ளே ஏதோ குளுகுளுவென்று இறங்கியது. இத்தனை நாளில் அன்றைக்குத்தான் நன்றாக மூச்சுவிட்டார்.

"எப்படி இருக்கு சகலை? நீங்க தொழில் தெரிஞ்சவங்க. குறை ஏதாவது பட்டா சொல்லுங்க" என்றார் டெய்லர்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் மெக்கானிக்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். நான் என்ன பொய்யா சொன்னேன்? நல்லாத்தானே இருக்கு. ஊர் முழுக்கக் கேட்டவருக்கு இதை மட்டும் நான் எதுக்குச் சொல்லணும்? ஹோஸ் கிழியும், ஆயில் தெறிக்கும், நாலு பேர் சிரிப்பார்கள். என்னைப் பார்த்துச் சிரித்ததற்குச் சரியாகப் போகும். உண்மையில் அவரைப் பார்த்து யாரும் சிரிக்கவே இல்லை. அது அவருக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டெய்லர் வீட்டுப் பின்கட்டில் நல்ல கூட்டம். வெல்டர் வந்திருந்தார், கிடங்கு டிரைவர் வந்திருந்தார். மாமியார் நாற்காலி போட்டு வண்டிக்குப் பின்னால் ஒட்டினாற்போல உட்கார்ந்திருந்தார். கலப்பையை மாட்டியாயிற்று. டெய்லர் சீட்டில் ஏறி, எஞ்சினைக் கிளப்பி, பின்னால் திரும்பி லீவரைப் பிடித்தார். கலப்பை தரையை விட்டு முழங்கால் உயரம் எழுந்து நின்றது. கைதட்டல் பறந்தது.

"முழுசாத் தூக்குங்க மாப்பிள்ளை!" என்றார் மாமியார்.

மெக்கானிக் சட்டென்று முன்னால் போனார். "அத்தை, வெயில் மூஞ்சியில அடிக்குது பாருங்க, இந்தப் பக்கம் வாங்க." நாற்காலியோடு அவரை நகர்த்திச் சுவர் ஓரமாக உட்காரவைத்தார். அங்கேதான் வெயில் சுள்ளென்று அடித்தது. பிறகு தன் மனைவியைப் பார்த்து, "அங்க என்ன வேடிக்கை? போய் எல்லாருக்கும் டீ எடுத்துட்டு வா" என்றார். அவள் முறைத்துக்கொண்டு உள்ளே போனாள். இனி பரவாயில்லை, வெடித்தால் வெடிக்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

டெய்லர் மறுபடி லீவரை இழுத்தார். சிலிண்டரிலிருந்து பளபளப்பான தண்டு நீண்டுகொண்டே வந்தது. கலப்பை இடுப்பு உயரம் வந்தது. தண்டு முட்டி நிற்க இன்னும் நாலு விரல்கடை இருந்தது. மெக்கானிக்கின் கண் தண்டிலேயே இருந்தது. மூன்று விரல்கடை. அப்போதுதான் டெய்லரின் முகத்தைப் பார்த்தார். பின்னால் திரும்பிக் குனிந்திருந்த அந்த முகத்துக்கும் ஹோஸுக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. மூக்குக்கண்ணாடிக்குள் கண் இரண்டும் விரிந்து, உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார் டெய்லர். ஊசியில் நூல் கோக்கும்போதும் அவர் முகம் அப்படித்தான் இருக்கும்.

எப்படிப் பாய்ந்தோம் என்று மெக்கானிக்குக்கே தெரியவில்லை. கால்படியில் ஏறி, டெய்லரை ஒரு தள்ளு தள்ளி, எஞ்சினை நிறுத்துகிற கம்பியை இழுத்துவிட்டார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது.

"என்ன சகலை?" டெய்லர் மிரண்டுபோய்க் கேட்டார்.

மெக்கானிக் மூச்சு வாங்கிக்கொண்டே அடைத்திருந்த துளையைக் காட்டினார். என்ன ஆகியிருக்கும் என்று சொன்னார். கிடங்கு டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ, ஆமாங்க! இதைக் கவனிக்காம விட்டுட்டேனே!"

அதற்குப் பிறகு கேட்கவேண்டுமா? "சின்ன மாப்பிள்ளை கண்ணு கண்ணுதான்" என்றார் மாமியார். "சகலை மட்டும் இல்லைன்னா இந்நேரம் என் மூஞ்சி வெந்திருக்கும்" என்று டெய்லர் வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். துணி தைக்க வந்தவர்களிடம்கூடச் சொன்னார். பட்டறைக்கு வருகிறவர்கள் மெக்கானிக்கின் முதுகில் தட்டினார்கள். எந்தப் புகழுக்காக இத்தனை நாள் வயிறு எரிந்தாரோ அது வட்டியோடு வந்து சேர்ந்தது. அவருக்குச் சோறுதான் இறங்கவில்லை. தப்பு பண்ணினதற்கே மாலை போட்டால் எப்படி இருக்கும்? அந்த நிலையிலும் பாழாய்ப்போன பொறாமை விடவில்லை. இவ்வளவு தாராளமாகப் பாராட்ட இந்த ஆளுக்கு எப்படித்தான் மனசு வருகிறது என்று அதன்மேலும் பொறாமை.

செவ்வாய்க்கிழமை ஒரு ரிலீஃப் வால்வோடு டெய்லர் வீட்டுக்குப் போனார். பின்கட்டில் இரண்டு பேர் மட்டும்தான். வால்வைப் பொருத்தி முடுக்கிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னார்.

"போன செவ்வாய்க்கிழமையே பாத்தேன்."

"எதை?"

"இந்த அடைப்பை. அன்னைக்கே பாத்துட்டேன். சொல்லலை."

"மறந்துட்டீங்களா?" என்றார் டெய்லர். தப்பித்துப் போக அவரே ஒரு வழி விட்டுக்கொடுத்த மாதிரி இருந்தது.

"இல்லை."

"பின்ன ஏன்?"

"பொறுக்கலை."

டெய்லர் வண்டிக்குப் பின்னால் வெறுமையாக இருந்த இடத்தைப் பார்த்தார். "அத்தை அங்கதானே உக்காந்திருந்தாங்க?"

"அவங்களை நகத்தி உக்கார வச்சுட்டேன்."

"சரி. அப்ப என்னை?"

மெக்கானிக் வால்வை இன்னும் ஒரு சுற்று முடுக்கினார். டெய்லர் கையிலிருந்த ஸ்பேனரைப் பெட்டியில் வைத்து, மூடியைச் சத்தமில்லாமல் மூடிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். மிச்ச வேலையை மெக்கானிக் தனியாக முடித்தார். கலப்பை முழு உயரம் ஏறி நின்றது. பார்க்கத்தான் யாரும் இல்லை.

இரண்டு நாள் கழித்துப் பேன்ட் துணி மனைவி கையில் திரும்பி வந்தது. கத்தரி படாமல் மடித்தது மடித்தபடி இருந்தது. "உங்க அளவு தெரியலைன்னு மாமா சொல்லச் சொன்னாரு. உங்களுக்குள்ள என்ன சண்டை?" என்று அவள் கேட்டாள். மெக்கானிக் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் கேட்டுவிட்டு, "என்னையும் டீ எடுக்க அனுப்பினீங்களே, அதுவும் இதுக்குத்தானா?" என்றாள். அதற்கப்புறம் ரொம்ப நாள் அவளும் அளந்துதான் பேசினாள். ஆனால் டெய்லர் இதை வெளியில் மூச்சுவிடவில்லை. மாமியாருக்குக்கூடக் கடைசிவரை தெரியாது. மெக்கானிக் கடையில் சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டார். "ஏங்க, தோள்ல அடிபட்டுச்சா?" என்று எதிர்க்கடைக்காரர் விசாரித்தார்.

அந்த வருஷம் உழவு முழுக்க டெய்லரின் லிஃப்ட் ஒரு சொட்டு ஆயில் ஒழுகாமல் ஓடியது. அறுவடை முடிந்த பிறகு, அதே மாதிரி மொட்டை டிராக்டர் ஒன்றை ஓட்டிக்கொண்டு எங்கிருந்தோ ஒரு விவசாயி பட்டறைக்கு வந்தார். அவர் கையில் அளவுக்கு வெட்டின ஒரு கட்டு அட்டை இருந்தது.

"டெய்லர் இதைக் குடுத்தாரு. நீங்கதான் பொருத்தணுமாம். அவரும் கூட வந்து நிப்பாராம். நீங்க தனியாப் பண்ண வேண்டாமாம்."

அதில் மரியாதை எவ்வளவு, குத்தல் எவ்வளவு என்று மெக்கானிக்கால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. சரி என்றார்.

மூன்று நாள் இரண்டு பேரும் ஒன்றாக வேலை பார்த்தார்கள். "அந்தப் பக்கம் பிடிங்க", "இன்னும் கால் சுத்து" என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை. டெய்லர் அவரைச் சகலை என்று கூப்பிடவில்லை. மெக்கானிக் என்றுதான் கூப்பிட்டார். கடைசியில் விவசாயி இரும்புக் கைகளைத் தடவிப் பார்த்து, "யாருங்க இவ்வளவு கச்சிதமா அளவெடுத்தது?" என்று கேட்டார். மெக்கானிக் முதலில் கையைத் துடைத்தார். பிறகு சொல்லிவிட்டார்: "அவருதான். எனக்கெல்லாம் இது வராது." டெய்லர் ஆயில் டப்பாவை மூடிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். அடுத்த வண்டிக்கும் கூப்பிட்டவுடன் வந்தார்.

இதுவரை ஏழு டிராக்டர் ஆகிவிட்டது. எஞ்சினைக் கிளப்புவதற்கு முன்னால் டெய்லர் ஒவ்வொரு தடவையும், "எல்லாம் பாத்தாச்சா?" என்று கேட்பார். மெக்கானிக் ஒவ்வொரு இணைப்பையும் கையால் தொட்டு ஒரு சுற்று வந்த பிறகுதான் "பாத்தாச்சு" என்பார்.

மெக்கானிக் திருந்திவிட்டாரா என்று கேட்டால் என்ன சொல்வது? ஏழாவது வண்டிக்காரர் சந்தோஷத்தில் போனை எடுத்து, டெய்லரை லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் பிடித்தார். அந்த நேரம் பார்த்து மெக்கானிக் வண்டிக்கு அடியில் இருந்தார். படத்தில் அவருடைய இரண்டு கால் மட்டும் விழுந்திருந்தது. அதை மனைவியிடம் காட்டி, "பாத்தியா இந்த அநியாயத்தை" என்று இரண்டு நாள் புலம்பித் தீர்த்தார்.