செருப்பில்லாத வீட்டின் இங்கிலீஷ்

எனக்குத் தெரிந்து ஓசூரில் இங்கிலீஷ் பேசிய பேய் ஒன்றே ஒன்றுதான். அதற்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவள் நான். அப்போது மூன்றாம் வகுப்பு. என்னுடைய சொந்த இங்கிலீஷ் மொத்தமும் ‘மே ஐ கோ டு டாய்லெட், மிஸ்’ என்ற ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிடும். அதையும் அவசரத்தில் பாதியில் விட்டுவிட்டு ஓடியிருக்கிறேன். ஆனாலும் இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கும் பிள்ளை என்பதால் வீட்டில் என்னை டீச்சராக்கிவிட்டார்கள்.

மாணவி என் சித்தி. அம்மாவின் தங்கை. சாமல்பட்டியிலிருந்து ஒரே ஒரு பையோடு எங்கள் லைன் வீட்டுக்கு வந்து இறங்கியிருந்தாள். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் அவளுக்கு இன்டர்வியூ. இங்கிலீஷில் நாலு கேள்வி கேட்பார்களாம். பதில் சொன்னால் வேலை. இல்லையென்றால் ஊருக்குத் திரும்பிப்போய், பார்த்து வைத்திருக்கும் உரக்கடை மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். உரக்கடைக்காரர் கெட்டவர் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்தால் யூரியா வாசம் வரும், அவ்வளவுதான் என்று சித்தியே சொல்லிச் சிரிப்பாள். சிரித்து முடித்ததும் மறுபடி மனப்பாடம் செய்வாள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சமையலறையில் வகுப்பு தொடங்கும். நான் சொல்வதைவிட அவள் எனக்கு விளக்குவதுதான் தெளிவாக இருக்கும். “‘கோ’ங்கிறது சோறு. கேன், மஸ்ட், ஷுட் எல்லாம் கொழம்பு. ஐ, யூ, ஷீ எல்லாம் பந்தியில ஒக்கார்ற ஆளுங்க. ஆளு மாறும், கொழம்பு மாறும், சோறு மட்டும் மாறாது. சரிதானே டீச்சரம்மா?” சரி என்று நான் தலையாட்டுவேன். எனக்கே அப்போதுதான் புரிந்திருக்கும்.

ஐ கேன் கோ. யூ கேன் கோ. ஷீ கேன் கோ. வெங்காயம் நறுக்கிக்கொண்டே அவள் ராகம் போடுவாள்.

லைன் வீடு என்றால் ஒரே ஷீட்டுக் கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள். நடுச்சுவர் கூரையைத் தொடாது. மேலே ஒரு முழம் இடைவெளி இருக்கும். ஒரு வீட்டில் கடுகு தாளித்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள். யார் வீட்டில் இருக்கிறார்கள், யார் ஷிஃப்டுக்குப் போயிருக்கிறார்கள் என்று கதவைத் தட்டிக் கேட்கவே வேண்டாம். வாசலில் கிடக்கும் செருப்பைப் பார்த்தால் போதும்.

எங்களுக்கு அடுத்தது கடைசி வீடு. அதில் ஒரு அங்கிள் இருந்தார். எங்களோடு தமிழ், மளிகைக் கடையில் தெலுங்கு, போனில் கன்னடம் பேசுவார். நல்ல மனுஷர், எனக்கு எக்லேர்ஸ் எல்லாம் தந்திருக்கிறார். காலையில் ஷூவை மாட்டிக்கொண்டு கதவைப் பூட்டிவிட்டுப் போனால் ஏழு மணிக்குத்தான் வருவார். பகல் முழுக்க அந்த வாசலில் செருப்பு கிடக்காது. அதனால் உள்ளே யாரும் கிடையாது. இது எங்கள் லைனில் பால் பாக்கெட் போடும் பையனுக்குக்கூடத் தெரிந்த கணக்கு.

அன்றைக்கு சித்தி “ஷீ கேன் கோ” என்று நிறுத்தியபோது, சுவருக்கு மேலிருந்து மெல்லிய குரல் ஒன்று, “ஷீ கேன் கோ” என்றது.

சித்தியின் கத்தி பாதி வெங்காயத்திலேயே நின்றது. பிறகு “ஷீ மஸ்ட் கோ” என்று சொல்லிப் பார்த்தாள். அதுவும் திரும்பி வந்தது. தமிழில் யாருங்க என்றாள், தெலுங்கில் எவரு என்றாள், கன்னடத்தில் யாரு நீவு என்றாள். மூன்றுக்கும் சத்தமே இல்லை. இங்கிலீஷுக்கு மட்டும்தான் பதில்.

சாயங்காலம் அம்மாவிடம் பேய் என்று சொன்னேன். அம்மா என்னைப் பார்க்காமல் சித்தியைப் பார்த்தாள். “பக்கத்து வூட்டுப் பேச்சு நமக்கு வேணாம். வாடகைக்கு இருக்கறவங்க நாம” என்றாள். அம்மாவுக்கே இவ்வளவு பயம் என்றால் பெரிய பேய்தான் என்று நான் முடிவு கட்டினேன்.

மறுநாளிலிருந்து வகுப்பில் இரண்டு மாணவிகள். பயம் ஒரு பக்கம் இருந்தாலும் டீச்சர் உத்தியோகத்தை விட எனக்கு மனமில்லை. சித்தியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டே பாடம் எடுத்தேன். பேய் நல்ல படிப்பாளி. ஆனால் போகப்போகத் தப்பு செய்ய ஆரம்பித்தது. “யூ கேன் கோ” என்று சித்தி சொன்னால் அப்படியே திருப்பிச் சொல்லாமல், “நோ. ஐ கேன் நாட் கோ” என்றது. நான் கடுப்பாகி, சொன்னதை மட்டும் சொல்லணும் என்று சுவரைப் பார்த்து அதட்டினேன். சித்தி என் வாயைப் பொத்தினாள்.

அதன்பிறகு சித்தி இன்டர்வியூவுக்கான ‘மை நேம் இஸ்’ பக்கமே போகவில்லை. இன்டர்வியூவுக்கு முந்தைய நாள்கூட, போர்ஷன் முடியவில்லை என்று நான் கத்தக் கத்த, சுவரோடுதான் பேசிக்கொண்டிருந்தாள்.

“யூ மஸ்ட் கோ” என்றாள்.

ஷீட்டில் வெயில் இறங்கும் சடசடப்பு மட்டும். பிறகு சுவருக்கு மிக அருகில், யாரோ வாயை ஒட்டவைத்துச் சொன்னதுபோல வந்தது. “கேன் ஐ?”

“வீ கேன்” என்றாள் சித்தி. “டுமாரோ.”

‘வீ’ நான் இன்னும் நடத்தவே இல்லை.

மறுநாள் சித்தி இன்டர்வியூவுக்காக வாங்கிய புதுச்செருப்பைத் துடைத்து வாசலில் வைத்திருந்தாள். அப்பாவின் ஸ்க்ரூ டிரைவர் ஏனோ கரண்டிகளுக்கு நடுவே கிடந்தது. எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது.

நான்கு மணிக்கு வந்து பார்க்கிறேன், கடைசி வீட்டுக் கதவு திறந்து கிடக்கிறது. பூட்டு மட்டும் பூட்டியது பூட்டியபடியே, நாதாங்கியோடு கழன்று தொங்குகிறது. ஸ்க்ரூக்கள் ஜன்னல் திண்டில் வரிசையாக இருக்கின்றன. உள்ளே ஒரு பாய், ஒரு தண்ணீர்க் குடம். சுவர் ஓரமாக ஒரு ஸ்டூல். பூட்டைத் திறக்காமலே வெளியே போயிருக்கிறது என்றால், அது பேய் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

ஐந்து மணிக்கு சித்தி வந்தாள். வெறுங்கால். பாதமெல்லாம் செம்மண். இன்டர்வியூ என்னாச்சு என்று கேட்டேன். “போச்சு டீச்சரம்மா” என்று சொல்லிவிட்டுச் சமையலறையில் போய் உட்கார்ந்துகொண்டாள். அம்மா அவளையும் அவள் காலையும் பார்த்தாள். கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

ஏழு மணிக்கு அங்கிள் வந்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. தொங்கும் பூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, லைனில் ஒவ்வொரு வாசலாக வந்து சிரித்தபடியே விசாரித்தார். யாரும் எதையும் பார்க்கவில்லையாம். எங்கள் வாசலில் வந்து நின்றார்.

“உங்க தங்கச்சி எங்கக்கா?”

“அவ மத்தியானமே ஊருக்குப் போயிட்டாளே தம்பி.”

அவர் குனிந்து வாசலைப் பார்த்தார். அம்மா செருப்பு, என் ஷூ. அப்பா அன்றைக்கு செகண்ட் ஷிஃப்ட். அங்கிள் அந்த இரண்டு ஜோடிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே குழாயிலிருந்து சொட்டு விழும் சத்தம் கேட்டது. சித்தி இங்கேதானே இருக்கிறாள் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் என்னைப் பார்த்துக் குனிந்தார். “பாப்பா, யாரு தொறந்தது?”

“பேய்தான், அங்கிள்” என்றேன் அழுதுகொண்டே. “அதுவே தொறந்துகிட்டுப் போயிருச்சு. அதுக்கு இங்கிலீஷ்லாம் தெரியும்.”

அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. மறுபடி ஒருமுறை செருப்புகளைப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தார்.

விடிந்ததும் அம்மா தன் செருப்பை சித்திக்குக் கொடுத்து முதல் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். அந்தத் தையிலேயே உரக்கடைக்காரருடன் கல்யாணம். ஃபெயிலான மாணவியைப் பெற்ற டீச்சராக, பந்தியில் நான் தலையைக் குனிந்தபடி பாயசம் குடித்தேன். இரண்டு தடவை.

பல வருடம் கழித்து சித்தியிடம் கேட்டேன், அந்தப் பெண்ணை எங்கே கொண்டுபோய் விட்டாய் என்று. “பஸ்ல ஏத்திவுட்டேன். எந்த ஊருன்னு அவ சொன்னா, எனக்கு வெளங்கல” என்றாள். வாசலில் செருப்பே வைக்கவிடாமல் அந்த அங்கிள் ஒருத்தியைப் பூட்டி வைத்திருந்தது லைனில் எல்லோருக்கும் தெரியுமாம். எனக்கு மட்டும்தான் தெரியாது.

சித்தி ஊருக்குப் போன அன்று சாயங்காலம் நான் தனியாகச் சமையலறையில் நின்று, சுவரைப் பார்த்து “யூ கேன் கோ” என்றேன். பதில் இல்லை. பாடம் முடியாமலே இரண்டு பேரும் போய்விட்டார்கள் என்று கோபமாக வந்தது. சித்தியின் புதுச்செருப்பைப் பேய்தான் தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்று அம்மாவிடம் சொன்னேன். பேய்க்குத்தான் காலே கிடையாதே, அதற்கெதற்குச் செருப்பு என்று அம்மா கேட்பாள் என எதிர்பார்த்தேன். அம்மா கேட்கவில்லை. வெறுங்காலோடு வாசலில் நின்று, அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.