மாமாவுக்கு ஒத்துவந்த வேலை

என் அம்மாவின் தம்பிக்கு எந்த வேலையும் ஒத்துவராது. அச்சாபீஸ் மசி கண்ணை உறுத்திற்று. ஜவுளிக்கடையில் நின்று நின்று கால் வீங்கிற்று. ஆம்பூர்த் தோல் ஷாப்பில் ஊறப்போட்ட தோலின் நாற்றம் தாங்காமல் மூன்றாம் வாரமே வேலூருக்கு ரயிலேறி வந்துவிட்டார். ஒவ்வொரு முறையும் வாயில் ஒரு பொய் தயாராக இருக்கும். முதலாளிக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்பார், கடையையே மூடிவிட்டார்கள் என்பார். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். ஒன்பது வயதுப் பெண், எனக்கே அலுத்துப்போயிற்று.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு தண்ணீர்க் குழாய் இழுக்க ஆரம்பித்த சமயம். அப்பா ஒரு மேஸ்திரியின் காலைக் கையைப் பிடித்து மாமாவை அதில் சேர்த்துவிட்டார். அவசரத்துக்குக் காரணம் இருந்தது. இரண்டு தெரு தள்ளி மாமாவுக்குப் பெண் பார்த்திருந்தார்கள். ஆவணி வரைக்கும் ஒரே வேலையில் நிலைத்துக் காட்டினால்தான் பெண் என்று பெண்ணின் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்.

மாமா நிலைப்பதாவது! தினமும் சாயங்காலம் கையைக் கழுவிக்கொண்டே தொடங்கிவிடுவார்.

"மண்ணு தோண்டுறது ஜாஸ்தியா இருக்குதுக்கா. இந்த வேலை நமக்கு ஒத்துவருமான்னு யோசிக்கிறேன்."

"நீ யோசிச்சி யோசிச்சியே எங்களை பேஜார் பண்ணாதடா. ஆவணி வரைக்கும் வாயை மூடிக்கினு போ!" என்பாள் அம்மா.

மறுநாள் தோள்பட்டை வலி. அதற்கு மறுநாள் குழாய் முனையில் வெட்டின மரை சரியாக விழவில்லை என்று சோறு இறங்காது. கேட்டுக் கேட்டு எனக்குக் குழாய் என்ற பேச்சை எடுத்தாலே எரிச்சல் வந்தது.

எப்படியோ ஆடி கடைசி வரை தாக்குப்பிடித்தார். பெண் வீட்டுக் குழாயைக்கூட அவர்தான் வைத்தார். எட்டே நாளில் அது சொட்டுகிறது என்று ஆள் வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் அந்த வீட்டுக்குத் தனியாகப் போகக்கூடாதென்று என்னையும் கூட அனுப்பினார்கள்.

பெண்ணின் அப்பா ஒரு தோல் மண்டியில் குமாஸ்தா. ஆனால் செருப்பைத் தெருவிலேயே விட்டுவிட்டு, கிணற்றடியில் குளித்த பிறகுதான் வீட்டுக்குள் நுழைவார். அத்தனை ஆசாரம். பெண் கதவோரம் நின்று, மாமாவைப் பார்க்காமல் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கம் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

மாமா குழாயின் தலையைத் திருகிக் கழற்றினார். உள்ளே நசுங்கிக் கிடந்த வாஷரை எறிந்துவிட்டு, மடியிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்தார். முந்தின நாள் அம்மாவின் அரிவாள்மணையில் வைத்து நறுக்கி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாரே, அதே வாஷர்.

"இது இன்னாப்பா?" என்று குனிந்தார் குமாஸ்தா.

ரப்பர் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. மாமாவின் முதுகில் கிள்ளினேன். பெரிய பொய்யெல்லாம் அனாயாசமாகச் சொல்கிற மனிதர், அன்றைக்குப் பார்த்து மார்பை நிமிர்த்தினார்.

"மாட்டுத் தோலுங்க. நானே வெட்டினது. அஞ்சு வருஷத்துக்கு ஒரு சொட்டு ஒழுகாது, பாருங்க!"

"அப்ப... முன்ன இருந்தது?"

"அது ஆட்டுத் தோலுங்க. மெல்லிசு. அதான் நிக்கல."

"அடப்பாவி! எட்டு நாளா தோல் தண்ணியிலயா சாமிக்கு அபிஷேகம் பண்ணினேன்? கழட்டு! எல்லாத்தையும் கழட்டிக்கினு போ!"

அப்போதாவது வாயை மூடினாரா? தோல் இல்லாவிட்டால் குழாய் ஏன் நிற்காது என்று பொறுமையாக விளக்கத் தொடங்கினார். கடைசியில் குழாயைக் கழற்றி, தண்ணீர் வரும் வாயை அடைத்துவிட்டு வந்தோம். எங்களுக்குப் பின்னாலேயே ஆள் வந்து, சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனான்.

"இத்தினி வருஷமா சொன்ன பொய்யில ஒண்ண அங்க சொல்லக்கூடாதாடா?" என்று அம்மா கத்தினாள்.

"வேலையில எப்டிக்கா பொய் சொல்றது?" என்றார் மாமா. உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை. மறுநாள் யாரும் எழுப்பாமலே எழுந்து வேலைக்குப் போனார். சாகும்வரை அதே வேலைதான்.

அன்று நாங்கள் கிளம்பும்போது அந்தப் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மாமாவை அவளுக்கு அத்தனை பிடித்திருந்தது என்று அம்மாவிடம் சொன்னேன். அதைக் கேட்டு அம்மாவும் அழுதாள். பிறகு எனக்கும் கல்யாணம் ஆயிற்று. போன வீட்டில் பதினெட்டு முழக் கிணறு. முதல் வாரம், உள்ளங்கை கொப்பளித்துக் கயிற்றைப் பிடிக்க முடியாமல் நின்றபோதுதான் அவள் எதற்காக அழுதாள் என்று தெரிந்தது. மாமாவுக்காக இல்லை.