உப்பின் மேல் வெந்த ரொட்டி

ரொட்டிக்குள் கேரட்டைத் துருவிப் போடுவார்கள் என்பதை நான் முதலில் நம்பவில்லை. கேரட் பொரியலுக்கு, வாழைப்பழம் சோற்றுக்குப் பிறகு, பட்டையும் கிராம்பும் பிரியாணிக்கு. இவை மூன்றும் ஒரே பாத்திரத்தில் சந்திக்க நியாயமே இல்லை என்பது ஏழு வயதில் என் தீர்மானம். ஆனால் அத்தை சொன்னால் சொன்னதுதான். அப்பாவின் தங்கையான அவள் குயிலாப்பாளையத்தில் வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கும் ஒரு விடுதியில் சமையல் வேலை பார்த்தாள். சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி மரக்காணத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள்.

அந்த வருஷ மழைக்காலத்தில் அம்மா புதுச்சேரி ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்துவிட்டு வந்தாள். உடம்பு சரியில்லை என்று மட்டும் எனக்குச் சொன்னார்கள். வந்தவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள்தான். கஞ்சி கொடுத்தால் இரண்டு மடக்கு. மீன் குழம்பென்றால் வாசனையே வேண்டாம் என்று கையை ஆட்டுவாள். ரவிக்கை தோளில் நிற்காமல் நழுவியது. அப்பா மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டார். நானும் தினம் ஒரு அருள் நிறைந்த மரியே கூடுதலாகச் சொன்னேன். அத்தை ஜெபத்தோடு நிற்கிறவள் இல்லை. ஈஸ்டருக்கு அவள் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்த ஒரு துண்டு ரொட்டியை, காகிதத்தில் ஒட்டிய தூள் வரைக்கும் அம்மா விரலால் தொட்டுத் தின்றிருந்தாள். அது அத்தைக்கு ஞாபகம் இருந்தது.

“வேற எதத் தொடலன்னாலும் அண்ணி இதத் தொடும். நீ பாரேன்” என்றாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும் அத்தை தன் பையைப் பிரித்தாள். கேரட், தோல் கறுத்த வாழைப்பழம், உலர்ந்த திராட்சை, வெள்ளரிக்காய்க்குத் தங்கச்சி மாதிரி ஒரு பச்சைக் காய், ரொட்டி வார்க்க ஒரு நீளமான தகரம். பட்டை, கிராம்பு, சுக்கு, ஜாதிக்காயை என்னிடம் கொடுத்து இடிக்கச் சொன்னாள். நான் இடித்த நேரத்தைவிட முகர்ந்த நேரம்தான் அதிகம். கேள்விகளும் நிற்கவில்லை. காயின் பச்சை வாசனை எங்கே போகும்? இட்லி மாவு மாதிரி ராத்திரியெல்லாம் புளிக்க வேண்டாமா? சமையல் சோடா போட்டால் உடனே பொங்கிவிடுமாமே, பாத்திரத்தை விட்டு வெளியே வந்துவிட்டால்? அத்தை ஒரு அளவு வரைக்கும் பதில் சொன்னாள். பிறகு, “வாய்க்குள்ள ஒரு திராட்சையப் போட்டுக்கினு சும்மா இருடி” என்றாள்.

எங்கள் வீட்டில் ஓவன் ஏது? அதற்கும் வழி வைத்திருந்தாள். பெரிய குண்டானின் அடியில் நாலு விரல் கனத்துக்கு உப்பைக் கொட்டி, கேஸ் அடுப்பில் காய வைத்து, அதன்மேல் மாவு ஊற்றிய தகரத்தை வைத்து மூடினால் அதுவே ஓவன். விடுதிச் சமையல்காரர் சொல்லிக்கொடுத்தாராம்.

உப்புக்கா பஞ்சம் என்று நினைப்பீர்கள். அப்பா உப்பளக் கூலிதான். ஆனால் மார்கழி மழையில் எங்கள் வீட்டு ஜாடியைச் சாய்த்தால் உப்புக்கு முன்னால் தண்ணீர் வரும். ஈர உப்பு சூட்டில் வெடிக்கும் என்றாள் அத்தை. கடையில் பாக்கெட் உப்பு வாங்கலாம்தான். உப்பளத்துக்காரன் வீட்டில் கடை உப்பா என்று தெருவே சிரிக்கும். “காய்ஞ்ச உப்பு எங்கனா இருக்குதா பாரு” என்று சொல்லிவிட்டு, காய் துருவப் பின்பக்கம் போனாள்.

எனக்குத் தெரிந்து ஒரே ஒரு இடத்தில் இருந்தது. மாதா சுரூபத்துக்குக் கீழே, வெள்ளைத் துணியால் வாய் கட்டிய புதுச் சட்டி. மழைக்கு முன்னால் தான் வேலை செய்த பாத்தியிலிருந்து அப்பா பார்த்துப் பார்த்து வாரிய உப்பு. ஃபாதரிடம் மந்திரித்து வைத்தது. தொடக் கூடாது, வேண்டிய நேரத்தில் எடுத்துக்கொள்வோம் என்று சொல்லியிருந்தார். அம்மா சாப்பிட வேண்டிய இந்த நேரத்தைவிட வேறு எது வேண்டிய நேரம்? சிலுவை போட்டுக்கொண்டேன், துணியை அவிழ்த்தேன், முழுவதையும் குண்டானில் கொட்டினேன்.

“எங்கடி கெடச்சிது, இவ்ளோ வெள்ளையா?” என்றாள் அத்தை.

“வீட்டுலதான்” என்றேன். பொய் இல்லை.

குண்டானுக்கு எதிரில் குந்திக்கொண்டு, கீழே இருக்கிற உப்பு மேலே இருக்கிற ரொட்டிக்குள் ஏறுமா ஏறாதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அரைமணி நேரத்தில் பட்டையும் பழமும் வெந்த வாசனை வீடு முழுக்கப் போனது. அம்மா, யாரும் கூப்பிடாமலே, சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். அத்தை என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். அம்மாவோ அடுப்பைப் பார்க்கவில்லை. தரையில் நான் போட்டுவைத்த காலிச் சட்டியையும் துணியையும் பார்த்தாள்.

“இந்த உப்ப யாரு எடுத்தது?”

“நாந்தாம்மா” என்றேன்.

அப்போதுதான் அத்தையும் சட்டியைப் பார்த்தாள். “அண்ணி, சத்தியமா நான் பாக்கல அண்ணி” என்று அடுப்பை அணைக்கக் கையை நீட்டினாள்.

அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். “எரியட்டும். பாதியில நிறுத்துனா வேகாது.”

பிறகு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். ரொட்டி வேகும் வரைக்கும் அங்கேயே இருந்தாள். அத்தை ஈர்க்குச்சியைக் குத்திப் பார்த்து இறக்கினாள். ஒரு துண்டு அறுத்துக் கொடுத்தாள். அம்மா வாங்கிக் கையில் வைத்திருந்துவிட்டுத் தட்டிலேயே வைத்துவிட்டாள். அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் என் துண்டைத் தின்று பார்த்தேன். உப்புக் கரிக்கவே இல்லை. அந்தச் சந்தோஷச் செய்தியைச் சொன்னேன், கேட்பார் இல்லை.

உப்பள வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. வயிற்றில் பிள்ளை தங்கினால் தகப்பன் தன் பாத்தியிலிருந்து உப்பு வாரி, மந்திரித்து வைப்பான். ஞானஸ்நானத்தன்று அதில் ஒரு கல்லைப் பிள்ளையின் நாக்கில் வைத்துவிட்டு, மீதியை விருந்துக்குப் போடுவார்கள். எனக்கு முதல் பிள்ளை உண்டானபோது அப்பா ஒரு புதுச் சட்டியோடு வந்து நின்றார். அன்றைக்குத்தான் இதெல்லாம் தெரிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா வெறுங்கையோடு வந்தாள் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. மாதாவுக்குக் கீழே இருந்த அந்தச் சட்டியை எடுக்கவும் முடியாமல், வைத்திருக்கவும் முடியாமல் இரண்டு பேரும் ஒரு மாதம் அதைப் பார்க்காதது போல் நடமாடியிருக்கிறார்கள்.

அந்த ஞாயிறு, கோயிலில் குடில் கட்டிவிட்டு மத்தியானம் வந்த அப்பா, குண்டானை எட்டிப் பார்த்தார். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. ஆறின உப்பை அதே துணியில் கட்டினார். “வர்றியா?” என்று அம்மாவைக் கேட்டார். அம்மா செருப்பைப் போட்டுக்கொண்டாள். ஒரு மாதம் கழித்து அன்றுதான் வாசற்படி தாண்டினாள். இன்னொரு ரொட்டித் துண்டோடு நானும் பின்னால் ஓடினேன்.

அப்பாவின் பாத்தி மழைத்தண்ணீரில் மூழ்கிக் கிடந்தது. வரப்பில் நின்று இருவரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். மூட்டையை அவிழ்த்து, ஒரு கை அப்பா, ஒரு கை அம்மா என்று உப்பைத் தண்ணீரில் விட்டார்கள். கரைகிற வரைக்கும் நின்றார்கள். உப்பளத்தில் கொண்டுபோய் உப்பைக் கொட்டுகிற பெரியவர்களைப் பார்க்க எனக்கு விசித்திரமாக இருந்தது. கேட்கலாம் என்று அண்ணாந்து பார்த்தபோது அம்மா என்னிடம் கையை நீட்டினாள்.

“குடு, பசிக்குது” என்றாள்.

கொடுத்தேன். தூள்கூட மிச்சம் வைக்காமல் தின்றாள். அப்பா திரும்பிக்கொண்டு ஏதோ கொக்கைப் பார்ப்பதுபோல் நின்றார்.

அன்றைய இரவு ஜெபத்தில் நான் ஆண்டவரிடம் முறையிட்டது ஒன்றே ஒன்றுதான். வீட்டில் அத்தனை ரொட்டி இருக்கும்போது, அம்மா என் பங்கைத் தின்றுவிட்டாள்.