மொட்டை மாடியில் ஒரு பச்சைப் புனல்

போன வாரம் திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு நான் எங்கே இருந்தேன் தெரியுமா? பக்கத்து பில்டிங்கில், அதுவரை இரண்டே முறை பேசியிருந்த ஒரு மனிதரின் கட்டிலில் உட்கார்ந்து, சுவரில் காதை ஒட்டவைத்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டு அம்மா, கையில் காபி டம்ளருடன், ‘இந்தப் பெண் நல்லாத்தானே இருந்தாள்’ என்பதுபோல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் ஒரு பச்சைப் புனலால் வந்தது. சொல்கிறேன்...

நாங்கள் இருப்பது பொம்மனஹள்ளியில். எங்கள் பில்டிங்குக்கும் அடுத்ததற்கும் நடுவே இரண்டடி இடைவெளி — ஜன்னல் வழியாகக் கறிவேப்பிலை கைமாறும் தூரம். எங்கள் மொட்டை மாடியில் தினமும் காலை ஆறு மணிக்கு மல்லிகா அக்கா ஏரோபிக்ஸ் வகுப்பு எடுக்கிறார். இருபது பெண்கள் வருவார்கள். பெரும்பாலும் கார்மெண்ட்ஸ் கம்பெனியில் வேலை. ஏழேகாலுக்குக் கம்பெனி வேன் தெருமுனையில் வந்து ஹாரன் அடிக்கும். அதனால் ஆறு மணியை விட்டால் அவர்களுக்கு வேறு நேரமே கிடையாது.

அக்காவும் அதே மாதிரி ஒரு கம்பெனியில் லைன் சூப்பர்வைசராகப் பன்னிரண்டு வருஷம் நின்றவர். நின்றவர் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள் — முட்டி போய்விட்டது. வேலையை விட்டார், டாக்டர் சொன்ன பயிற்சியை ஆரம்பித்தார், முட்டி தேறியது, கூடவே நான்கு பேர் சேர்ந்தார்கள், நான்கு இருபதானது. இன்றைக்கு அந்த மாடிதான் அவருடைய ஆபீஸ்.

பிரச்சினை, பக்கத்து பில்டிங்கின் ஐந்தாம் மாடி. எங்கள் மொட்டை மாடிக்கு நேர் எதிரே சிவண்ணாவின் படுக்கையறைச் சுவர். ஹெப்பகோடியில் ஒரு ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட் முடித்து, ஐந்தரைக்கு வீடு வந்து, சரியாக ஆறு மணிக்குத் தலையைச் சாய்ப்பார். சரியாக ஆறு மணிக்கு அக்கா பாட்டைப் போடுவார்.

நான்கு தடவை கம்ப்ளைண்ட் போனது. ஐந்தாவது வந்தால் மாடிக்குப் பூட்டு என்று எங்கள் ஓனர் சொல்லிவிட்டார்.

மாடிப்படியில் என்னை மடக்கினார் அக்கா. “ஏ நித்யா, நீதானே ஸ்பீக்கர் பைத்தியம்? எதுனா பண்ணேன்டி.”

“வால்யூமைக் கம்மி பண்ணுங்கக்கா.”

“பண்ணேனே! கடைசி வரிசைக்கு நான் சொல்றதே கேக்கல. ரைட்டுன்னா லெஃப்ட்ல திரும்பி ஒருத்தி மூக்க ஒருத்தி உடைக்கறாளுங்க. கத்திக் கத்தி என் தொண்டையப் பாரு, தகர டப்பா.”

இந்த இடத்தில் சும்மா இருந்திருக்கலாம். நானா இருப்பேன்? “சத்தத்தைக் கம்மி பண்ண வேணாம்க்கா. வேணும்ங்கற பக்கம் மட்டும் திருப்பிவிட்டுடலாம்” என்றேன்.

வாரத்தில் ஐந்து நாள் சாஃப்ட்வேர் டெஸ்டிங், மிச்ச நேரமெல்லாம் ஸ்பீக்கர் கட்டுவது என்று வாழ்கிற ஜென்மம் நான். அதிலும் சமீபத்திய கிறுக்கு, வேவ்கைடு. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தூரத்தில் போகிறவரைக் கூப்பிட இரண்டு கையையும் வாயருகே குவிக்கிறோம் இல்லையா? அதையே ஸ்பீக்கருக்குச் செய்வதுதான். கீச்சுச் சத்தத்தைத் தரும் குட்டி ஸ்பீக்கரான ட்வீட்டரின் வாயில் ஒரு புனல். ஆனால் எந்த வளைவில் விரிகிறது என்பதில்தான் சூட்சுமம். கொஞ்சம் தப்பினால் சத்தம் மூக்கடைத்த மாதிரி வரும். சரியாக அமைந்தால், முன்னால் நிற்கிற எல்லோருக்கும் ஒரே அளவில் கேட்கும்; பின்னால் அமைதி.

வளைவைக் கம்ப்யூட்டரிலேயே சோதித்துப் பார்க்கலாம். புனலை வரைந்து, ஆயிரக்கணக்கான குட்டி முக்கோணங்களாக நறுக்கிக் கொடுத்தால், சத்தம் எந்தத் திசையில் எவ்வளவு போகும் என்று கணக்குப் போட்டு வண்ணப்படம் தரும். சத்தம் இருக்கும் இடம் சிவப்பு. இல்லாத இடம் நீலம். ஒவ்வொரு கணக்குக்கும் மூன்று மணி நேரம். லேப்டாப் ஃபேன் பிரஷர் குக்கராக அலறும். ஆபீஸ் மீட்டிங்கில் மேனேஜர், “யாரோட பேக்ரவுண்ட்ல மிக்சி ஓடுது?” என்று கேட்டார். மியூட் போட்டுக்கொண்டேன்.

பதினோராவது வளைவில் படம் அழகாக வந்தது. முன்பக்கம் அளவெடுத்து வெட்டியது போல் சிவப்பு. பின்பக்கம் — சிவண்ணாவின் பக்கம் — ஆழ்ந்த நீலம். பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல் இருந்தது. பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

அடுத்து பிரிண்டிங். என் த்ரீ-டி பிரிண்டரின் தட்டு சின்னது, புனலோ முப்பத்தாறு சென்டிமீட்டர் அகலம். நான்கு துண்டாகப் பிரித்தேன். ஒவ்வொன்றும் ஒன்பது மணி நேரம். மூன்றாவது துண்டு பாதியில் கரண்ட் போய், மறுபடி முதலிலிருந்து. கையில் மிச்சமிருந்த பிளாஸ்டிக் இழை கிளிப்பச்சை மட்டும்தான். துண்டுகளை எபாக்ஸியில் ஒட்டி, கார் டிங்கரிங் கடையில் வாங்கிய பட்டியை இடுக்குகளில் பூசி, வாட்டர் பேப்பர் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தேன். வீடெல்லாம் பச்சைத் தூள்.

என் ரூம்மேட் அனிதா வாசலில் நின்று பார்த்தாள். “என்னடி இது, ஊமத்தம்பூவுக்கு ஆனைக்கால் வந்த மாதிரி?”

“வேவ்கைடுடி.”

“என்ன வேணா கைடு பண்ணிக்கோ. என் துணியில பட்ட பச்சையை யார் துவைப்பா?”

நான்தான் துவைத்தேன்.

புனலையும், தாளத்தின் கனத்த அடித்தொனிக்காக நான் ஏற்கெனவே கட்டி வைத்திருந்த பன்னிரண்டு இன்ச் பேஸ் ஸ்பீக்கரையும் ஒரே பெட்டியில் சேர்த்தேன். பெட்டியைச் சுழல் நாற்காலியில் ஏற்றி, தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, பத்துப் பத்து டிகிரியாகத் திருப்பி, மைக் வைத்து அளந்தேன். கம்ப்யூட்டர் சொன்னதும் மைக் சொன்னதும் அச்சு அசலாகப் பொருந்தின. இந்தக் கிறுக்கு உள்ளவர்களுக்கு அந்த நிமிஷம் எப்படி இருக்கும் என்பதை மற்றவர்களுக்கு விளக்குவது கஷ்டம். மாடியில் தனியாகக் கை தட்டிக்கொண்டேன்.

பின்பக்கம்தான் நீலமாயிற்றே! அதனால் பெட்டியை சிவண்ணா பக்கத்துக் கைப்பிடிச் சுவரிலேயே ஏற்றி, அவருக்கு முதுகு காட்டி வைத்தேன். அதுவரை அக்காவின் பழைய ஸ்பீக்கர் எதிர் மூலையில் இருந்தது.

சனிக்கிழமை அக்காவின் காதோரம் ஒரு குட்டி மைக்கையும் மாட்டிவிட்டேன்; வகுப்பு அமர்க்களம். கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் கத்தினாள்: “யக்கா, நீங்க என் காதுக்குள்ள நின்னு பேசற மாதிரி இருக்கு!” அக்கா எனக்குத் தட்டு இட்லி வாங்கித் தந்தார்.

ஞாயிறு காலை ஓனர் போன். போன வாரத்தைவிட மோசமாம். வரும் சனிக்கிழமை மாடிச் சாவி அவர் கைக்கு வந்துவிட வேண்டுமாம்.

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “நீ நல்லதுக்குத்தான் பண்ணே,” என்றார். படிக்குத் திரும்பியபடி, “திரும்பவும் லைன்ல போய் நிக்க என்னால ஆவாது நித்யா. முட்டி தாங்காது” என்றார். அவ்வளவுதான். படியிறங்கிப் போய்விட்டார்.

எனக்கு யார்மேல் கோபம் வந்தது? என்மேலா? இல்லை, சிவண்ணா மேல்! வேண்டுமென்றே செய்கிறார் மனிதர் என்று தோன்றியது. அளந்திருக்கிறேன். படம் இருக்கிறது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாலையில் அவர் வீட்டுக்கே போனேன். ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

“அண்ணா, உங்க பக்கம் சவுண்டே வராது. இங்க பாருங்க, எல்லாம் நீலம்.”

குனிந்து பொறுமையாகப் பார்த்தார். “சென்னாகிதே,” என்றார். கன்னடத்தில், நன்றாக இருக்கிறதாம். “இது எங்க அளந்தது கண்ணா?”

“மாடியிலதான்ணா. மைக் வெச்சு.”

“என் ரூம்ல அளந்தியா?”

லேப்டாப்பை மூடினேன்.

“நாளைக்கு ஆறு மணிக்கு பா. லேப்டாப் பேடா. காது மட்டும் எடுத்துட்டு வா.” ஆறு மணிக்கு வரணுமாம், லேப்டாப் வேண்டாமாம்.

இப்படித்தான் அந்தத் திங்கட்கிழமை, அந்தக் கட்டில். சிவண்ணா யூனிஃபார்மோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கண்கள் மிளகாய்ச் சிவப்பு. மனைவி ரத்னம்மா காபியோடு நின்றார். ஆறு அடித்தது. எதிரே வகுப்பு தொடங்கியது.

பாடுகிறவரின் குரல் கேட்கவில்லை. அக்காவின் ‘ஒன், டூ’ கேட்கவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று சிரிக்கப் போனேன்...

டும். டும். டும். டும்.

காதால் கேட்டது என்று சொல்ல முடியாது. சுவர் வழியாக, கட்டில் தலைமாட்டின் வழியாக, என் தாடை எலும்புக்கு வந்தது. ஜன்னல் திட்டில் இருந்த எவர்சில்வர் மூடி ஒவ்வொரு டும்முக்கும் சிலிர்த்தது.

“பாட்டுன்னா நான் தூங்கிடுவேன்,” என்றார் சிவண்ணா. “ஃபேக்டரி மிஷின் பக்கத்துலயே தூங்கின ஆளு நான். இது தலகாணிக்குள்ள வருது. முன்னாடி தூரத்துல இருந்துச்சு. இப்ப பக்கத்துல வந்து குத்த வெச்சிருக்கு.”

“முன்னாடி கம்ப்ளைண்டும் இதுக்குத்தானாண்ணா?”

“இதுக்குத்தான். யாராச்சும் வந்து கேட்டீங்களா?”

உட்கார்ந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. முப்பத்தாறு சென்டிமீட்டர் புனல் கீச்சுச் சத்தத்தையும் பேச்சின் கூர்மையையும்தான் வழிநடத்தும். பேஸ் சத்தத்தின் ஒரு அலையே மூன்று, நான்கு மீட்டர் நீளம். அதன் முன்னால் என் புனல், லாரியை நிறுத்தத் தீப்பெட்டி வைத்த மாதிரி. பேஸுக்கு முன்பக்கம் பின்பக்கமெல்லாம் கிடையாது. எல்லாப் பக்கமும் போகும். அதைத்தான் கொண்டுபோய் மனிதரின் தலைமாட்டில் வைத்திருக்கிறேன்.

இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். என் படத்தில் இடமிருந்து வலமாகச் சத்தத்தின் சுருதி ஏறிக்கொண்டே போகும்; அதன் இடதுபக்க ஆரம்பமே ஆயிரம் ஹெர்ட்ஸ், பேஸைவிடப் பல மடங்கு மேலே. அதற்குக் கீழேயும் மைக் அளந்திருந்தது. நான்தான் காட்டச் சொல்லவில்லை. ஏன்? அங்கே படம் கொழகொழவென்று சிவப்பாக வழிந்திருக்கும். பார்க்க அழகாக இருக்காது. எங்கள் ஸ்பீக்கர் கூட்டத்தில் எல்லோருமே அப்படித்தான் வெட்டிப் போடுவோம். யாரும் யாரையும் கேட்டதில்லை. ஆபீஸில் இதே வேலையை ஒரு டெவலப்பர் செய்தால், பாஸ் ஆகிற டெஸ்டை மட்டும் காட்டுகிறான் என்று நானே மெயில் போட்டிருப்பேன்.

கட்டிலில் இருந்தபடியே அக்காவுக்குப் போன் போட்டேன். “அக்கா, பெட்டிக்குப் பின்னால கறுப்பு ஒயர் இருக்குல்ல? அதை உருவுங்க.”

“பாட்டு நடுவுலயாடி?”

“நடுவுலதான்.”

டும் நின்றது. எவர்சில்வர் மூடி அடங்கியது. சிவண்ணா மனைவியைப் பார்த்தார்: “நிந்த்தா?” நின்றுவிட்டதா என்று கேட்கிறார்; ரத்னம்மா தலையாட்டினார்.

ஆனால் எங்கள் மாடியில் கலவரம். நான் போய்ச் சேர்ந்தபோது இருபது பேரும் இடுப்பில் கைவைத்து நின்றார்கள். “இன்னாங்க இது, பாட்டு ஜுரத்துல படுத்துக்குச்சு?” என்றாள் ஒருத்தி. பேஸ் இல்லையென்றால் கால் எதைப் பிடித்துக்கொண்டு ஆடும்? ஆளுக்கொரு திசையில் தடுமாறினார்கள். செவ்வாய்க்கிழமை பெட்டியை எதிர் மூலைக்குத் தள்ளி, பேஸைக் கால்வாசி வைத்துப் பார்த்தேன். ஜன்னலிலிருந்து ரத்னம்மாவின் கை மட்டும் வெளியே வந்து ‘இன்னும் இருக்கு’ என்று ஆடியது.

புதன்கிழமை நான் இன்னொரு வளைவு வரைய உட்கார்ந்தேன். பேஸை அடக்கும் புனல் — கணக்குப்படி வாய் மூன்று மீட்டர். மாடியில் வைத்தால் இருபது பேரும் அதற்குள்தான் நிற்க வேண்டும்.

அக்கா ஸ்கிரீனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “மூடுடி அதை. உன் ஊமத்தம்பூ எதை நல்லா கொண்டுபோவும்? அதைச் சொல்லு.”

“கூர்மையான சத்தம்க்கா. பேச்சு, விசில், கைதட்டு...”

“கைதட்டா?” எழுந்துவிட்டார். “கும்மியடிக்க எவளுக்குடி பேஸு வேணும்?”

வியாழக்கிழமை ஆறு மணி. அக்கா காதோர மைக்குக்கு நேராகக் கையை வைத்துத் தட்டினார். பச்சைப் புனல் அதை வாங்கி, கடைசி வரிசைவரை சுள்ளென்று கொண்டுபோய்ச் சேர்த்தது. இரண்டாவது பாட்டில் இருபது பேரும் சேர்ந்து தட்ட ஆரம்பித்தார்கள். கால்கள் ஒன்றாக இறங்கின. பேஸ் ஒயர் கொடிக்கயிற்றில் துணிகளோடு தொங்கிக்கொண்டிருந்தது. எதிர் ஜன்னலில் எந்தக் கையும் வரவில்லை.

வராததற்கு என்ன அர்த்தம்? சம்மதமா, சலிப்பா? வெள்ளிக்கிழமையும் தெரியவில்லை. சனிக்கிழமை, வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே, இடுப்பில் செருகிய சாவியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்த அக்காவை விட்டுவிட்டு, பக்கத்து பில்டிங்குக்கு ஓடினேன். மைக்கும் இல்லை, லேப்டாப்பும் இல்லை.

ரத்னம்மா கதவை ஒரு கை அளவு திறந்தார். உதட்டில் விரல் வைத்தார். “ஓனருக்கு நேத்தே போன் மாடிட்டேன்,” என்று கிசுகிசுத்தார், போன் செய்துவிட்டாராம். “சாவி மல்லிகாகிட்டயே இருக்கட்டும்னு.”

உள்ளே இருந்து சிவண்ணாவின் குறட்டை வந்தது. எண்பது ஹெர்ட்ஸ் இருக்கும் — எந்தப் புனலுக்கும் அடங்காத ரகம்.