அம்மா பக்கத்து ஆட்கள்

கிர்கிஸ்தானின் நாரினில் எங்கள் தெருவில் குதிரை அறுத்தால் முதலில் ஊல்கானுக்குத்தான் ஆள் போகும். இறைச்சி வெட்ட யார் வேண்டுமானாலும் வருவார்கள், குடல் கழுவ அவள்தான் வேண்டும். ஓடைக்கரையில் குந்தி உட்கார்ந்து, மெல்லிய குச்சியால் குடலை உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டி, கொழுப்புப் போகாமல் அழுக்கை மட்டும் வழித்தெடுப்பாள். விரலை ஓட்டிக்கொண்டே குதிரைக்கு என்ன நோவு இருந்தது என்று சொல்லிவிடுவாள். தவறியதில்லை.

தங்கை கூமுஷின் வயிற்றுக்குள் இருந்தது மட்டும் அவளுக்கு எட்டவில்லை.

கூமுஷ் தபால் நிலையத்தில் வேலை பார்த்தவள். இரண்டு வருடமாக வயிற்றுவலி வந்து வந்து போயிற்று, முகம் வெளுத்தது. புகைபோட்ட இறைச்சிதான் காரணம் என்றார்கள் சிலர். குளிர்ந்த தண்ணீர் என்றார்கள், கண்ணேறு என்றார்கள். கடைசியில் தலைநகர் பிஷ்கேக்கில் ஒரு இளம் டாக்டரம்மா கண்டுபிடித்தாள். சிறுகுடலில் புற்றுநோய். அபூர்வமாக வருவது.

இறைச்சியாலா என்று ஊல்கான் கேட்டாள்.

"புகைபோட்டது, உப்புப்போட்டது நெறைய தின்னா ஆபத்து கொஞ்சம் கூடலாம். ஆனா அதுதான் காரணம்னா பாதி நாடு இங்கதான் படுத்திருக்கணும். முக்கால்வாசிப் பேருக்கு ஏன் வந்துச்சுன்னே சொல்ல முடியாது. உங்க தங்கச்சிக்குச் சொல்ல முடியும்."

கூமுஷின் கன்னத்தை உள்பக்கமாக விலக்கிக் காட்டினாள். கறுப்புப் புள்ளிகள். இந்தப் புள்ளி இருப்பவர்களுக்குக் குடலில் கட்டிகள் முளைக்கும், பெற்றவரிடம் இருந்தால் பிள்ளைகளில் ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றாள். குடும்பத்தில் வேறு யாருக்கு என்று கேட்டாள்.

ஊல்கான் நிமிர்ந்து உட்கார்ந்து எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் மனப்பாடம் செய்யும் ஏழு தலைமுறைத் தகப்பன்மார் பெயரையும் ஒப்பித்தாள். ஒருவர் குதிரையிலிருந்து விழுந்தார், ஒருவர் போரில் போனார், மற்றவர்கள் கிழவர்களாகிச் செத்தார்கள். வயிறு யாரையும் கொல்லவில்லை.

"அம்மா பக்கம்?"

 ஊல்கானுக்கு அம்மாவின் அப்பா பெயருக்கு மேல் எதுவும் தெரியாது. அவளுக்கு ஒன்பது வயதிருக்கும்போது அம்மா மேய்ச்சல் மலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டே செத்துப்போனாள். சில்லிப்பு ஏறிவிட்டது என்றுதான் சொன்னார்கள்.

கூமுஷ் வசந்தத்தில் போய்விட்டாள். ஊல்கானைச் சோதித்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்கள். அடக்கத்தன்று அழுததைவிட அன்றைக்குத்தான் அதிகம் அழுதாள்.

நாற்பதாம் நாள் விருந்துக்குச் சூரோன்பாய் மாமா வந்தார், அம்மாவின் தம்பி. கூடவே அத்தையும் மகள் பெர்மெத்தும். பெர்மெத்துக்குப் பதினெட்டு வயது. அடுத்த வாரம் மாப்பிள்ளை வீட்டார் வந்து நிச்சயத் தோடு போடுவதாக இருந்தது. உதட்டில் கறுப்புப் பொட்டுகள், அழகு என்று ஊரே சொல்லும். பாதித் தட்டை வைத்துவிட்டு, வயிற்றில் கை வைத்தபடி எழுந்து போனாள்.

ஊல்கான் ஈரக் கையோடு மாமாவிடம் போனாள். டாக்டரம்மா சொன்னதையெல்லாம் சொன்னாள்.

"குடல் கழுவிக் கழுவி நீயும் டாக்டராயிட்டியா?" மாமா சிரித்தார். "என் உதட்டைப் பாரு, சுத்தமா இருக்கு. எங்க வம்சத்துல குறை சொல்லாத."

"உதட்டுல இருக்கறது வயசானா மங்கிடுமாம் மாமா. வாயைத் திறங்க."

"பொண்ணு தோடு போட்டுக்கற நேரத்துல இது என்ன பேச்சு?" என்றாள் அத்தை. "சம்பந்தி காதுல விழுந்தா நீயா வந்து பதில் சொல்லுவ?"

"நானே சொல்றேன் அத்தை. செத்தவளைப் பத்தி எங்கிட்ட கேட்கட்டும்."

மாமா சிரிக்கவில்லை. விலைக்கு வந்த குதிரை பல்லைக் காட்டுவதுபோல வாயைத் திறந்தார். கன்னத்தின் உள்ளே ஐந்தாறு புள்ளிகள், கடுகு ஒட்டியதுபோல.

அவர் வாயை மூடி, சட்டைக்கு மேலாக வயிற்றைத் தடவினார். பிறகு மெதுவாகச் சொன்னார். "பட்டாளத்துல இருக்கும்போது குடல் ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகிக்கிச்சுன்னு வயித்தைக் கிழிச்சாங்க. டப்பா இறைச்சி ஒத்துக்கலைன்னு நெனச்சேன்." அவர் பெர்மெத் போன பக்கம் பார்த்தார். "இது இருந்தா புள்ள செத்துருவாளா?"

"இல்ல மாமா. எல்லாருக்கும் புத்துநோயா மாறாது. அப்பப்போ பாத்து, கட்டியை எடுத்துக்கிட்டே இருந்தா பொழச்சுக்கலாம். கூமுஷுக்கு யாரும் பாக்கல, அவ்வளவுதான்."

மாமா எழுந்து வேலியோரம் போய்ச் சம்பந்திக்குப் போன் போட்டார். தோடு போடுவதை ஒரு மாதம் தள்ளிவைக்கச் சொன்னார். காரணத்தையும் மறைக்காமல் சொன்னார். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனாலும் பிஷ்கேக்குக்கு வேன் கிளம்பிய காலையில் ரொட்டி கட்டிக் கொடுத்தது அவள்தான்.

பெர்மெத்தின் குடலிலிருந்து பதினொரு கட்டிகளை எடுத்தார்கள். ஒன்றிலும் புற்று இல்லை. மாமாவிடமிருந்து நாலு எடுத்தார்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இருவரும் வரவேண்டும் என்றாள் டாக்டரம்மா.

பெர்மெத் கட்டிலில் சாய்ந்தபடி அப்பாவைப் பார்த்தாள். "ஆயுசு முழுக்க இங்க வரணும்னா, மாப்பிள்ளையை பிஷ்கேக்லயே பாத்திருக்கலாமேப்பா. வண்டிச் செலவாவது மிஞ்சியிருக்கும்."