டெரன்ஸ் தட்டாத பாட்டு

எங்கள் ரொக் இசைக்குழு பிறந்தது வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில். வளர்ந்தது வாவிக்கரையில் இருந்த டெரன்ஸின் வீட்டில். டிரம்ஸ் அவன்தான். ஒத்திகை தொடங்கினால் போதும், அவனுடைய அம்மா பிலோமினா அன்ரி கதவைத் தட்டுவார். "சத்தத்தக் குறைங்க மனே, காது அடைக்குது."

யூடியூப்பில் எங்கள் பாட்டுகள் பரவின. கொழும்பு மேடைகள் வரை போனோம். போன மாரியில் டெங்குக் காய்ச்சல் டெரன்ஸைக் கொண்டுபோய்விட்டது.

அவன் நினைவாக வளாகத்தில் வாசிக்கும்படி கேட்டார்கள். வேறு டிரம்மர் வேண்டாம், கிற்றார்கள் போதும் என்றோம். ஒத்திகை பார்க்க ஒருவருக்கும் மனம் வரவில்லை.

மேடையேறி, கிற்றாரில் விரல் வைத்து, மீதி மூவரும் காத்து நின்றோம். எதற்கென்று பிறகுதான் உறைத்தது. குச்சிகளை நான்கு தரம் தட்டி ஒவ்வொரு பாட்டையும் தொடக்கிவைப்பவன் அவன். அவன் தட்டாமல் நாங்கள் ஒருநாளும் தொடங்கியதில்லை.

முன்வரிசையில் அன்ரி எழுந்து நின்று கைகளை நான்கு தரம் தட்டினார். அதே வேகம்.

"தொடங்குங்க மனே."

அந்த மேடையோடு குழு கலைந்தது. இடைக்கிடை அன்ரியைப் பார்க்கப் போவேன். "வீடு சத்தமில்லாமக் கிடக்கு மனே," என்பார். கிற்றாரை எடுத்து மடியில் வைப்பேன். அவர் தட்டும்வரை காத்திருப்பேன்.