டிரினிட்டி தாண்டும் வரை

போன ஞாயிற்றுக்கிழமை மாலை கப்பன் பார்க்கில் மெட்ரோ ஏறினேன். ஒரே மாதிரி ஜெர்சி போட்ட பையன்கள் ஒரு கூட்டமாக என்னோடு ஏறினார்கள். பக்கத்து ஸ்டேடியத்தில் கால்பந்து மேட்ச் முடிந்திருந்தது. தோற்றுவிட்டார்கள் என்பது முகத்தைப் பார்த்தால் தெரியவில்லை, பேச்சைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கதவு மூடுவதற்குள் ஆரம்பித்துவிட்டார்கள்.

"மேட்ச் வுட்டா கேப் கெடைக்கறதே இல்ல மச்சா. மெட்ரோ மட்டும் இல்லன்னா நாம காலி."

"அந்த பிரேசில்காரன வித்துட்டு வேற ஆள எடுக்கணும்டா. சும்மா நிக்கறதுக்குக் கோடிக்கணக்குல துட்டு."

"இந்த சீசன் அவ்ளோதான். முகிஞ்சுத்து, கத முகிஞ்சுத்து."

கன்னடமும் தமிழும் கலந்த அந்தப் பேச்சைக் கேட்க ஆசையாகத்தான் இருந்தது. அதில் ஒரு பையன் எழுந்து எனக்கு இடம்கூடக் கொடுத்தான். நன்றி சொல்ல வாயைத் திறக்கிறேன், சொல் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு உட்கார்ந்தேன். எம்.ஜி. ரோடு வந்து போனது. அடுத்த நிலையம் டிரினிட்டி என்று அறிவிப்பு வந்த பிறகுதான், நான் ஏன் ஊமையாக உட்கார்ந்திருக்கிறேன் என்பது எனக்கே புரிந்தது. மேட்ச் தோற்றால் டிரினிட்டி சர்க்கிள் தாண்டும் வரை பேசக் கூடாது. அந்தச் சட்டம் போட்ட பஸ்ஸும் இல்லை, சட்டம் போட்டவரும் இல்லை, என் வாய் மட்டும் இன்னும் அதற்குக் கட்டுப்பட்டுக் கிடக்கிறது.

தொண்ணூறுகளில் நான் பழைய மெட்ராஸ் ரோடில் ஒரு தொழிற்சாலையில் காயில் சுற்றும் பிரிவில் வேலை பார்த்தேன். எங்கள் தொழிற்சாலைக்கு ஒரு கால்பந்து அணி இருந்தது. அணி ஜெயித்ததா தோற்றதா என்று எனக்கு ஒரு கவலையும் இருந்ததில்லை. ஒருநாள் முதல் ஷிப்ட் முடிந்து நானும் என் தோழி ஸ்டெல்லாவும் வழக்கம்போல தொழிற்சாலை பஸ்ஸில் ஏறினோம். நான் அல்சூர், அவள் பிரேசர் டவுன், இரண்டு பேருக்கும் இறங்குமிடம் அல்சூர்தான். அன்றைக்கு மேட்ச் என்பது எங்களுக்குத் தெரியாது. டிரைவர் முனியப்பா அல்சூரில் நிறுத்தவே இல்லை. "டைம் ஆயிட்ச்சும்மா, மேட்ச் ஸ்டார்ட் ஆயிடும், வரும்போது எறக்கி உடறேன்" என்று நேராக அசோக் நகர் ஸ்டேடியத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். திட்டிக்கொண்டே போய் உட்கார்ந்தோம். அரைமணி நேரத்தில் ஸ்டெல்லா எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தாள். நான் அவளைவிட மோசம். அதற்குப் பிறகு எந்த மேட்சையும் நாங்கள் விடவில்லை.

ஆண்களுக்குத்தான் சங்கடம். அதுவரை வாய் கூசாமல் திட்டிக்கொண்டிருந்தவர்கள், எங்கள் இருவருக்காகக் கெட்ட வார்த்தைகளையெல்லாம் கன்னடத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த எங்களுக்குக் கன்னடம் தெரியாது என்று எப்படி நினைத்தார்களோ.

அந்த பஸ்ஸில் ஒரு விசேஷம். ரசிகர்களும் ஆட்டக்காரர்களும் அதே பஸ்ஸில்தான் திரும்ப வேண்டும். அணிக்கென்று தனி வண்டி கொடுக்க மேனேஜ்மென்டுக்கு மனசில்லை. கேலரியில் எழுந்து நின்று ஒருவனுடைய ஏழு தலைமுறையைத் திட்டிவிட்டு, அரைமணி கழித்து அவன் தோளில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து வரவேண்டும். நான் சேர்வதற்கு முன்னால் ஒருமுறை எங்கள் கோல்கீப்பரும் ரசிகர்களும் ஓடுகிற பஸ்ஸில் சட்டையைப் பிடித்துக்கொண்டார்களாம். முனியப்பா டிரினிட்டி சர்க்கிளில் வண்டியை ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்துவிட்டு, திரும்பிப் பார்த்துச் சொன்னாராம்: "இனிமே தோத்தா இந்த எடம் வர்ற வரைக்கும் ஒருத்தனும் வாயத் தொறக்கக் கூடாது. தாண்டினதும் என்ன வேணா பேசுங்க. ஆனா ஃபேக்டரி கேட்டு வர்றதுக்குள்ள பேசி முடிக்கணும். நாளைக்கு உள்ள எடுத்துட்டுப் போவக் கூடாது."

அதுதான் சட்டம். கோபம் ஆறுவதற்கு அவ்வளவு தூரம் போதும் என்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ. டிரினிட்டி சர்ச்சைத் தாண்டியதும் பஸ் முழுக்க ஒரே நேரத்தில் வெடிக்கும். எனக்கென்று ஒரு கஷ்டம் இருந்தது. டிரினிட்டி தாண்டிய கொஞ்ச நேரத்தில் அல்சூர் வந்துவிடும். பேச்சு சூடு பிடிக்கும்போது எப்படி இறங்குவது? தொழிற்சாலை கேட் வரை போய், பேசி முடித்து, வேறு பஸ் பிடித்துத் திரும்பி வந்து, வீட்டில் ஓவர்டைம் என்று பொய் சொன்ன நாட்கள் நிறைய. ஓவர்டைம் காசு எங்கே என்று அம்மா கேட்காமல் விட்டது என் அதிர்ஷ்டம்.

எங்கள் பண்டிதர் காதர் பாய். பெயின்ட் பிரிவில் வேலை. எந்த அணி எந்த இடத்தில் முடிக்கும், யார் எங்கே போவார்கள் என்று சீசன் தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிடுவார். பாதி தப்பாகும், அதைப் பற்றிப் பேசமாட்டார். இன்னொன்று, எங்களுக்கு எதிராக விழுகிற எல்லாக் கோலும் அவருக்கு ஆஃப்சைடுதான், செல்லாத கோல். பெனால்டியைக்கூட ஒருமுறை ஆஃப்சைடு என்றார். மேட்ச் முடிந்ததும் எதிரே இருந்த கரும்பு ஜூஸ் கடைக்குப் போய் ஐஸ் கேட்டு வாங்கி, மெஷின் துடைக்கிற பனியன் வேஸ்டில் சுற்றிக்கொண்டு வருவதும் அவர் வேலை. அடிபட்ட காலுக்கு வைக்க. ஐஸ் உருகி, மெஷின் எண்ணெய் வாசனையோடு பஸ் தரையில் சொட்டிக்கொண்டே வரும்.

அந்த ஐஸ் பெரும்பாலும் இன்பாவின் முழங்காலுக்குத்தான் போகும். இன்பராஜ், எங்கள் லெஃப்ட் அவுட். பந்தை வாங்கிக்கொண்டு ஓரமாக அவன் ஓட ஆரம்பித்தால் நானும் ஸ்டெல்லாவும் கையைப் பிடித்துக்கொள்வோம். நீங்கள் நினைப்பது புரிகிறது. அப்படியெல்லாம் ஒன்றுமில்லை, அவனுக்குக் கல்யாணமாகி ஒரு பெண் குழந்தையும் இருந்தது. என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். பஸ்ஸில் எங்கள் சீட்டுக்குப் பின் சீட்டு, ஜன்னலோரம், அவனுடையது.

இந்தக் காலத்தில் டிரான்ஸ்ஃபர் என்றால் கோடிகள். அப்போது ஓர் ஆர்டர் பேப்பர், அவ்வளவுதான். எங்கே நிரந்தர வேலை கிடைக்கிறதோ அங்கே போய் ஆடுவார்கள். இன்பா பல சீசன்களாக எங்களுக்கு ஆடியும் தொழிற்சாலையில் வெறும் தற்காலிகத் தொழிலாளிதான். ஒவ்வொரு சீசன் முடிவிலும் 'அடுத்த வருஷம் பர்மனென்ட்' என்பார்கள். அதற்குள் தொழிற்சாலைக்கே ஆர்டர் வருவது குறைய ஆரம்பித்துவிட்டது. அப்போது ஒரு வங்கி அவனைக் கூப்பிட்டது. அவர்கள் அணிக்கு ஆட வேண்டும், வேலை கொடுப்பார்கள், ஒரு வருஷம் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வார்கள்.

விஷயம் தெரிந்ததும் பஸ் இரண்டாகப் பிரிந்துவிட்டது. அவன் போனால் நாங்கள் கீழ் டிவிஷனுக்கு இறங்கிவிடுவோம், இறங்கினால் அதைச் சாக்கு வைத்து மேனேஜ்மென்ட் அணியையே மூடிவிடும். இது எல்லோருக்கும் தெரியும். சீசனின் கடைசி மேட்ச் தோற்றுத் திரும்பியபோது, டிரினிட்டி தாண்டியதும் முதலில் பேசியவன் இன்பாதான்.

"நீங்களே சொல்லுங்க. போவட்டுமா, இருக்கட்டுமா?"

டிரினிட்டிக்கு அப்புறம் அந்த பஸ் அமைதியாக இருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. இரு என்று சொல்ல எல்லோருக்கும் ஆசை. சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. கடைசியில் ஸ்டெல்லா திரும்பிப் பார்த்தாள். "போப்பா. புள்ள வச்சிருக்க. எங்களுக்கு எதிரா மட்டும் கோல் போட்டுறாத."

எல்லோரும் சிரித்தார்கள். காதர் பாய் மட்டும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஸ்டெல்லா சொன்னது போலவே இன்பா போனான். வீட்டையும் எங்கள் பஸ் போகாத பக்கம், ஈஜிபுராவுக்கு, மாற்றிக்கொண்டான். அடுத்த சீசன் முழுக்க அவன் சீட்டில் யாரும் உட்காரவில்லை. யாரும் சொல்லி வைத்ததில்லை, நெரிசலில்கூட நின்றுகொண்டு வந்தார்கள். நாங்கள் தோற்றுக்கொண்டே இருந்தோம். கடைசி மேட்ச் அந்த வங்கியோடு அமைந்தது. டிரா செய்தால்கூட எங்கள் அணி தப்பித்துவிடும். ஆட்டம் முடிய இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. இடது ஓரத்தில் பந்து வந்தது. இன்பா ஓடினான். நானும் ஸ்டெல்லாவும் பழக்கத்தில் கையைப் பிடித்துக்கொண்டோம். பந்து வலைக்குள் போன பிறகுதான் அது எங்கள் வலை என்று உறைத்தது. அவன் கையைத் தூக்கவில்லை, குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். காதர் பாய் தொண்டை கிழிய "ஆஃப்சைடு, ஆஃப்சைடு" என்று கத்தினார். அவர் எப்போதுதான் கத்தவில்லை?

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். அணி போயிற்று என்று எல்லோருக்கும் தெரியும். முனியப்பா எஞ்சினைப் போட்டு வண்டியை நகர்த்தினார். அப்போது தோளில் பையோடு, தலையைக் குனிந்தபடி, ஓடுகிற பஸ்ஸில் தொற்றி ஏறினான் இன்பா. நேராக வந்து எங்கள் பின் சீட்டில், ஜன்னலோரம், தன் இடத்தில் உட்கார்ந்தான். காலை நீட்டிக்கொண்டு கண்ணை மூடினான். பழக்கம்தான், வேறென்ன. கண்ணைத் திறந்து எங்கள் முகங்களைப் பார்த்த பிறகுதான் அவனுக்கு எங்கே இருக்கிறோம் என்று புரிந்தது. எழுந்துகொள்ளப் பார்த்தான். முனியப்பா கண்ணாடியில் பார்த்தார். வண்டியை நிறுத்தவில்லை.

யாரும் பேச முடியாது. அவனாலும் முடியாது. அவ்வளவு நீளமான தூரத்தை நான் அதற்கு முன்னாலும் போனதில்லை, பின்னாலும் போனதில்லை. முன் சீட்டுகளில் ஏதோ அசைந்தது. காதர் பாய் தன் மடியில் இருந்த ஐஸ் பொட்டலத்தைப் பக்கத்து ஆளிடம் கொடுத்தார். அவர் தனக்குப் பின்னால் கொடுத்தார். கை மாறிக் கை மாறி என்னிடம் வந்தது. திரும்பி இன்பாவிடம் கொடுத்தேன். என் சேலையெல்லாம் ஈரம். அவன் அதை வாங்கி முழங்காலில் வைத்துக்கொண்டு அழுதான். சத்தமில்லாமல்தான், சட்டம் இருக்கிறதே.

டிரினிட்டி தாண்டியது. யார் முதலில் பேசுவது என்று தெரியவில்லை.

"ஆஃப்சைடு கோல போட்டுட்டு எங்க வண்டிலயே ஏறுவியாடா, பேமானி?" என்றார் காதர் பாய்.

"பாய், மறந்துட்டேன் பாய்" என்றான் அவன். "நான் ஈஜிபுராக்குப் போவணும்."

பஸ் சிரித்தது. அழுதுகொண்டே சிரித்தோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் காதர் பாய் கேட்டார், "வேல என்னாச்சு?" அவன் ஐஸ் பொட்டலத்தைக் கீழே வைத்தான். "இன்னிக்கு கோல் போட்டா கன்ஃபர்ம்னு சொல்லியிருந்தாங்க, பாய்." யார் ஆரம்பித்தது என்று தெரியாது, பஸ் முழுக்கக் கை தட்டினார்கள். அணி செத்த அன்றைக்கு நாங்கள் கை தட்டியது அதற்காகத்தான்.

அதுதான் அந்த பஸ் ஸ்டேடியத்துக்குப் போன கடைசி நாள். அணியை மூடினார்கள். சில வருஷங்களில் தொழிற்சாலையையும் மூடினார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு, கொடுத்த பணத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். ஸ்டெல்லா மகனோடு வெளிநாடு போய்விட்டாள். முனியப்பா ஊருக்குப் போனவர் திரும்பவில்லை.

காதர் பாய் இறந்தபோது நானும் இன்பாவும் பிரேசர் டவுனில் அவர் வீட்டில் சந்தித்தோம். அவன் தொப்பை போட்டிருந்தான், காலைத் தாங்கித் தாங்கி நடந்தான். திரும்பும்போது ஒரே ஆட்டோ. அல்சூர் வந்தது, நான் இறங்கவில்லை. பழைய புத்தி. இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. டிரினிட்டியில் மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஆட்டோ குலுங்கிக் குலுங்கி சர்க்கிளைத் தாண்டியது.

"அக்கா" என்றான் இன்பா. "பாய் சொன்னது சரி. அது ஆஃப்சைடுதான். எனக்கு அப்பவே தெரியும். லைன்ஸ்மேன் கொடி தூக்கல, நான் அடிச்சிட்டேன்."

அத்தனை வருஷம் அதைத் தனியாகச் சுமந்திருக்கிறான்.

"தெரிஞ்சிருந்தாலும் அன்னிக்கு கை தட்டியிருப்போம்டா" என்றேன்.

"பாயுமா?"

"பாய்தான் மொதல்ல."

ஆட்டோ கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டான். ஈஜிபுரா வரை போய் அவனை இறக்கிவிட்டுத்தான் திரும்பினேன். பேசி முடித்தாகிவிட்டது.

இன்பா கரோனா சமயத்தில் போய்விட்டான். அவன் மகள் போனில் சொன்னாள். யாரையும் விடவில்லை, யாரும் போகவில்லை. பஸ்ஸில் ஏற வேண்டிய ஆட்களும் அப்போது மிச்சமில்லை.

மெட்ரோ டிரினிட்டியை விட்டுக் கிளம்பியது. அந்தப் பையன்கள் இன்னும் அதையேதான் பேசிக்கொண்டிருந்தார்கள். இனி நான் பேசலாம். பக்கத்து சீட்டில் ஒரு பெண் காதில் எதையோ மாட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். அல்சூர் வந்தது, கதவு திறந்தது. நான் இறங்கவில்லை. தொழிற்சாலை இருந்த இடத்தைத் தாண்டி, கடைசி வரை போய்விட்டு, எதிர்ப்பக்கம் ரயில் மாறி வீட்டுக்கு வந்தேன்.

"ஏன் இவ்ளோ லேட்டு?" என்று மருமகள் கேட்டாள்.

"ஓவர்டைம்" என்றேன்.